வரப்புக்கு இந்தப் பக்கம்

பொன்மலை, திருச்சி
22-1-1970

அருகன் துணை.

அன்புள்ள அக்கா தயாவதிக்கும் மாமாவுக்கும் தனராஜ் வணக்கத்துடன் எழுதுவது. பொங்கலுக்கு வந்தவன் பத்திரமாக வந்து சேர்ந்தேன். குணமாலாவுக்கு நாலாம் மாத மசக்கை இன்னும் விடவில்லை. நீ கொடுத்தனுப்பிய உப்பு நார்த்தங்காய் இல்லாவிட்டால் ஒரு கவளம்கூட இறங்காது. உன் முழங்கால் வலி தேவலையா?

ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, நினைப்பெல்லாம் நம் ஊர் கூட்டுறவு சொசைட்டியில் போட்ட கையெழுத்தில்தான் இருக்கிறது. மாமா பெயரில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன். பம்ப்செட்டுக்கு வாங்கி, சம்பா பொய்த்ததால் நின்றுபோன பழைய பாக்கியும் அதில் அடக்கம். அப்பா உனக்குச் சீதனமாகக் கொடுத்த ஒரு ஏக்கரும், எனக்கு விட்டுப்போன ஒரு ஏக்கரும் அதற்கு ஈடு. மே மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இரண்டும் ஜப்திக்குப் போகும். ரயில்வே குவார்ட்டர்ஸ், வேலை இருக்கிற வரைக்கும்தான். அதற்கப்புறம் எனக்கென்று இருப்பது அந்த ஒரு ஏக்கர்தான் அக்கா. கையெழுத்துப் போடும்போது தைரியமாகத்தான் இருந்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் வட்டியைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஐ.ஆர். எட்டு புது ரக நெல். நன்றாக விளையும், ஆனால் பூச்சிக்கு அது கல்யாணச் சாப்பாடு என்று சொசைட்டி சூப்பர்வைசர் சொன்னதை மாமாவுக்கு ஞாபகப்படுத்து. அதனால்தான் கடனில் பாதியை ரொக்கமாகத் தராமல் உரமாகவும் எண்ட்ரின் பூச்சிமருந்தாகவும் தந்திருக்கிறார்கள். நட்ட இருபதாம் நாள் முதல் தடவை அடிக்க வேண்டும். அடித்ததும் எனக்கு ஒரு கார்டு போடு.

உன் தம்பி
தனராஜ்


இலுப்பப்பாக்கம், காஞ்சிபுரம் தாலுகா
6-2-1970

தம்பி தனராஜுக்கு அக்காவின் ஆசீர்வாதம். குணமாலாவை வெறும் வயிற்றோடு வேலை செய்ய விடாதே. காலையில் இரண்டு பொரி உருண்டையாவது சாப்பிடச் சொல். நாங்கள் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறது, விடு.

இரண்டு வயலும் நட்டாகிவிட்டது. முதலில் உன் வயல், மறுநாள் என் வயல். நடுவில் இருக்கிற வரப்பை உன் மாமா புதிதாக மண் அணைத்துக் கட்டியிருக்கிறார். மோட்டார் நன்றாக ஓடுகிறது, கரண்டுதான் நினைத்தால் வருகிறது. பக்கத்து வயல் அர்ஜுனனும் இதே ரகம்தான் நட்டிருக்கிறான், அவனும் சொசைட்டிக் கடன்தான். பச்சை பிடித்துவிட்டது. பார்க்க ஆசையாக இருக்கிறது.

உரத்தை வயலுக்குப் போட்டாயிற்று. மருந்து டப்பா மூன்றும் பரண் மேல் பத்திரமாக இருக்கின்றன. பூனைகூட ஏற முடியாது. சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. சீம்பாலுக்கு நீ இல்லையே என்று உன் மாமா சொன்னார்.

உன் நலம் கோரும் அக்கா
தயாவதி


பொன்மலை
14-2-1970

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லோரும் சௌக்கியம். கன்று போட்ட செய்தியில் குணமாலாவுக்கு என்னைவிட சந்தோஷம்.

டப்பா பரண் மேல் பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது என்ன உன் காசுமாலையா, பத்திரமாக வைக்க? நீ கன்றைப் பற்றி எழுதினாய், கரண்டைப் பற்றி எழுதினாய், பூனையைப் பற்றிக்கூட எழுதினாய். மருந்து எந்தத் தேதியில் அடிக்கப்போகிறார் மாமா என்று எழுதவில்லை. அடிக்கிற மெஷினைச் சொசைட்டியிலேயே வாடகையில்லாமல் தருகிறார்கள், போய்க் கேட்டாலே போதும்.

எங்கள் செக்‌ஷனில் யேசுதாஸ் என்று ஒரு நண்பர், லால்குடிக்காரர். அவர் வயலில் போன வருஷம் பத்து நாள் தாமதமாக அடித்ததற்கே பாதி போய்விட்டதாம். அவர் அதைச் சொன்னதிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. உடனே பதில் எழுது அக்கா.

தனராஜ்


இலுப்பப்பாக்கம்
2-3-1970

தம்பிக்கு, நீங்கள் இருவரும் நல்ல சுகத்தோடு இருக்க அருகன் பாதம் பணிகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பூச்சி விழுந்துவிட்டது. நடுக்குருத்து காய்ந்து வருகிறது, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. இரண்டு வயலிலும் அங்கங்கே இருக்கிறது. உன் மாமா சும்மா இருக்கவில்லை. தினம் விடியற்காலையில் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பயிர் மேல் கயிறு இழுக்கிறார். இலையில் இருக்கிற புழு உதிர்ந்து விழும். விழுந்த புழு முழுகிச் செத்துவிடக் கூடாது என்று முன்னாடியே தண்ணீரை வடித்துவிடுகிறார். புழு பொறுமையாக மறுபடி ஏறிக்கொள்கிறது.

முந்தாநாள் அர்ஜுனன் வரப்பில் வந்து நின்றான். “இன்னா நயினாரே, மருந்த வாங்கியாந்து பரண் மேல குந்த வச்சிட்டு நீங்க கயிறு இஸ்துக்கினு இருக்கிறீங்க? உங்க பூச்சி ராவோட ராவா என் கயனிக்கு வருதுபா. எனக்கும் சொசைட்டில கடன் இருக்குது” என்றான். இவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவன் குரலைத் தணித்துக்கொண்டு, “சரி, நீங்க அடிக்க வேணாம். கண்ண மூடிக்கினு ஊட்ல இருங்க. நானே அடிச்சிட்டுப் போறேன்” என்றான்.

“நான் கண்ண மூடிக்கினா பூச்சிக்கு உசுரு வந்துடுமாப்பா?” என்று இவர் கேட்டார். அர்ஜுனன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாப்பிடும்போது நானும் கேட்டேன். ஏர் ஓட்டும்போது சாகவில்லையா, நெல் குத்தும்போது சாகவில்லையா என்றேன். “அது நம்ம வேல செய்யச்சொல்லோ சாவுது. இது சாவட்டும்னு நெனச்சிக்கினு சாவடிக்கறது. ரெண்டும் ஒண்ணா தயா?” என்றார். சொசைட்டியில் டப்பாவை வாங்காவிட்டால் ரொக்கமும் கிடையாது என்றார்களாம், அதனால் வாங்கிவிட்டார். வாங்குவது வேறு, அடிப்பது வேறு என்று நினைத்திருக்கிறார். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் மாட்டார், வாங்குகிறவன் அடிப்பானே. காசு கொடுத்து வாங்கிய விஷத்துக்குக் காவல் இருக்கிறார் உன் மாமா. அழுவதா சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

தயாவதி


பொன்மலை
8-3-1970

அக்காவுக்கு வணக்கம். நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

நானும் ஜைனன்தான். நைட் ஷிப்டு நாள் தவிர இன்றுவரை பொழுது சாய்ந்து சாப்பிட்டதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், மாமாவிடம் கேள். காஞ்சிபுரத்தில் நெய்கிற ஒரு பட்டுப் புடவைக்கு எத்தனை ஆயிரம் புழுவை வெந்நீரில் போடுகிறார்கள்? அதைக் கட்டிக்கொண்டுதானே நீ அவருக்குக் கழுத்தை நீட்டினாய்? அன்றைக்கு அவர் எந்த வரப்பில் நின்றுகொண்டிருந்தார்?

இது நம்மை மட்டும் பொறுத்த விஷயமாக இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஜூலையில் எனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அதற்குக் கொடுக்க என்னிடம் இருப்பது அந்த ஒரு ஏக்கர். மாமாவின் விரதம் மாமாவுடையது. அதற்கு ஈடாக என் வயலை வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? இதையும் படித்துக் காட்டு.

லீவு கேட்டேன். மார்ச் கணக்கு முடிகிற வரை ஒருநாள்கூடத் தர முடியாது என்கிறார்கள். இல்லாவிட்டால் நானே வந்து அடித்துவிட்டுப் போவேன்.

தனராஜ்


இலுப்பப்பாக்கம்
24-3-1970

தம்பிக்கும் குணமாலாவுக்கும் ஆசீர்வாதம். அவளுக்கு இப்போது கால் வீங்குகிறதா? வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல்.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டுப்புடவைக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். “கேக்கறது ஞாயந்தான். தாலி கட்டச்சொல்லோ நான் அத யோசிக்கவே இல்ல” என்றார். அதோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். என் குரலில் கண்டுபிடித்துவிட்டார். “இன்னாத்த முழுங்கற? அதையும் படி” என்றார். படித்தேன். கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

உன் வயல் இப்போது தேறிவிட்டது. புதுக் குருத்து விட்டிருக்கிறது. நீ கவலைப்பட வேண்டாம்.

உன் மாமாவுக்கு ஒரு வாரமாகத் தலைசுற்றலும் வாந்தியும். இப்போது பரவாயில்லை. வெயில் கடுமையாக இருக்கிறது. ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்.

வேறு விசேஷம் இல்லை.

தயாவதி


பொன்மலை
31-3-1970

என் அக்காவுக்கு, உன் கார்டைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது! அடித்தாயிற்று என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போய்விடுவாய்? பரவாயில்லை, புரிந்துகொண்டேன். மாமா மனசு இறங்கியிருக்கிறார், அல்லது அர்ஜுனனை விட்டு அடிக்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார். எதுவானாலும் சரி. அன்றைக்குக் கோபத்தில் அதிகம் எழுதிவிட்டேன். அந்த உரிமை என்கிற வார்த்தை எழுதியதிலிருந்து எனக்கே உறுத்திக்கொண்டிருக்கிறது. மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

என் வயல் தேறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உன் வயலும் அப்படித்தானே? இரண்டும் சேர்ந்து விளைந்தால்தான் கடன் முழுதும் அடையும். அதைப் பற்றி இரண்டு வரி எழுது.

மாமாவின் வாந்திக்கு என்ன வைத்தியம் பார்க்கிறீர்கள்? காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

தனராஜ்


பொன்மலை
28-4-1970

அன்புள்ள அக்காவுக்கு, நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். நாலு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிடுகிறது.

மாமாவுக்கு உடம்பு மோசமா? கதிர் வந்துவிட்டதா? சொசைட்டியில் நோட்டீசு ஏதாவது விட்டார்களா? நல்லதோ கெட்டதோ எழுதிவிடு. தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. குணமாலா என் எதிரில் கேட்பதில்லை, ஆனால் தினமும் தபால் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள்.

தனராஜ்


இலுப்பப்பாக்கம்
21-5-1970

தம்பி தனராஜுக்கு, நீயும் குணமாலாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன்னைத் தவிக்கவிட்டதற்கு என்னை மன்னித்துவிடு. அறுவடை முடிந்து கடனும் கட்டிவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். நடுவில் எழுதினால் நீ பதறிக்கொண்டு எங்காவது கடன் வாங்கி அனுப்புவாய்.

சொசைட்டிக் கடன் வட்டியோடு தீர்ந்தது. உன் வயல் ஈட்டிலிருந்து விடுபட்டது. முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி. மீதியை அப்புறம் படி.

உன் வயலில் இருபத்தாறு மூட்டை கண்டது. என் வயலில் ஏழு. வரப்புக்கு அந்தப் பக்கம் கதிர் தலைசாய்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் எல்லாம் வெள்ளைக் கதிர், உள்ளே பால் ஏறாமல் விறைத்துக்கொண்டு நின்றது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

உன் வயலுக்கு மட்டும்தான் மருந்து அடித்தது. அடித்தது அர்ஜுனன் இல்லை. உன் மாமாதான். உரிமையைக் கேட்ட உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் சொசைட்டிக்குப் போய் மெஷினை எடுத்துவந்தார். பரண் மேலிருந்து டப்பாவை இறக்கும்போது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு உன் வயல் முழுவதும் அவரே நடந்து அடித்தார். மூக்கில் துணி கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அந்த வாந்தி.

முடித்துவிட்டு வரப்பில் ஏறி நின்று என்னைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு டப்பா இருக்குது. உன் கயனி. நீ சொன்னா அடிக்கறேன்” என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது தம்பி. என் அப்பா எனக்குக் கொடுத்த நிலம் என்று எனக்குத் தெரியாதா? போய்விடும் என்றும் தெரியும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அடியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் வாய்க்காலில் செத்து மிதந்த தவளையையும் கெண்டையையும் முறத்தில் அள்ளிக்கொண்டு போய்க் கரையில் குழிதோண்டிப் புதைத்தார். அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடுதான்.

உன் நெல்லை விற்றுத்தான் கடனில் பெரும்பகுதி கட்டினோம். உனக்கு ஒரு மூட்டைகூட அனுப்ப முடியவில்லை. அறுப்புக்கூலி போக ஐநூறு ரூபாய் துண்டு விழுந்தது. உன்னைக் கேட்கலாம் என்றேன், பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் கேட்காதே என்றுவிட்டார். என் வயலை அர்ஜுனனுக்கு மூன்று வருஷப் போக்கியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அவன் நல்லவன், அழுதுகொண்டேதான் பணம் கொடுத்தான். அந்த இரண்டு டப்பாவையும் என்ன செய்வது என்று கேட்டான். அவன் பயிர் செய்யப்போகிற வயல், அவன் கேட்டதில் தப்பில்லை. கொடுத்துவிட்டேன். உன் மாமாவிடம் சொல்லவில்லை.

அவர் காஞ்சிபுரத்தில் ஒரு அரிசி மண்டிக்குக் கணக்கெழுதப் போகிறார். தவணை தவறாமல் கட்டியதற்காக அடுத்த போகத்துக்கு இன்னும் கூடக் கடன் தருகிறோம் என்று சொசைட்டியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாதி ரொக்கம், பாதி உரமும் மருந்தும்.

உன் அக்கா
தயாவதி


பொன்மலை
27-5-1970

அக்காவுக்கும் மாமாவுக்கும் நமஸ்காரம். உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் வைத்துப் படித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்திருக்க வேண்டும்.

மெஷின் முதுகில் இருந்தது, மருந்து கையில் இருந்தது, ஒரே ஒரு வரப்பைத் தாண்டினால் உன் நிலமும் பிழைத்திருக்கும். எனக்காகப் பாவம் செய்தாயிற்று, இன்னொரு ஏக்கருக்குச் செய்தால் நரகத்தில் இரண்டு அடி கூட இறக்கிவிடுவார்களா? உன்மேலும் கோபம் வருகிறது, அவர்மேலும் வருகிறது. எல்லாவற்றையும்விட அந்த வரியை எழுதிய என் கைமேல்தான் வருகிறது. நான் என் நிலத்தைக் கேட்டேன். உன் நிலத்தை விடச் சொல்லவில்லையே அக்கா.

என் வயல் உங்களுடையதுதான். மாமா எப்போதும்போல அதில் பயிர் செய்யட்டும், நான் குத்தகை கேட்க மாட்டேன். சொசைட்டிக் கடனுக்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மண்டி வேலை வேண்டாம் என்று சொல். எனக்கு அவர் இரண்டு வரி எழுதுவாரா? என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றாலும் அதையாவது எழுதச் சொல்.

தனராஜ்


இலுப்பப்பாக்கம்
4-6-1970

சிரஞ்சீவி மைத்துனன் தனராஜுக்கு மகாவீரன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. குணமாலாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று தினமும் கோயிலில் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு உடம்பு தேறிவிட்டது.

உன்னோடு பேசப் பிடிக்காமல் இல்லை. எனக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் இல்லை. இந்த வீட்டில் அந்த இலாகா உன் அக்காவுடையது.

உரிமையைப் பற்றி நீ எழுதியதற்கு வருத்தப்படாதே. நீ எழுதாவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. என் விரதத்துக்காக என் சோறு குறையலாம், உன் பிள்ளையின் சோறு குறையக் கூடாது. அதற்காகத்தான் அடித்தேன். அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

மண்டி வேலையை வேண்டாம் என்கிறாய். உன் வயலில் நானே பயிர் செய்யலாம் என்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். என் கை நடுங்கியது என்று உனக்கு எழுதியதாக உன் அக்கா சொன்னாள். நல்லவள், அவளுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். அது மெஷினை விசைபோட்டு அடித்த களைப்பு. கை நடுங்கியது மேல்மடையில் ஆரம்பித்தபோதுதான். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று மந்திரம் சொல்லிக்கொண்டு போனேன். பாதி வயல் தாண்டியதும் அது மறந்துபோயிற்று. கடைசியில் கீழ்மடைப் பக்கம் வரும்போது, எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா, எல்லாவற்றின் மேலும் நன்றாகப் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே அடித்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன் என்று ஒரு திருப்திகூட வந்தது. வரப்பில் ஏறிய பிறகுதான் அது உறைத்தது. உன் அக்காவை ஏன் கேட்டேன் என்று நினைக்கிறாய்? அவள் சரி என்றிருந்தால் நான் நிற்காமல் அடித்திருப்பேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் எழுதாதே.

ஆகையால் உன் வயலை அர்ஜுனனுக்குக் குத்தகைக்கு விடு. உரிய பங்கை ஒழுங்காக அளப்பான். இல்லாவிட்டால் லீவு போட்டுக்கொண்டு வந்து நீயே பார். என்னைப் பயிர் செய்யச் சொல்லாதே தனராஜ். நீ கேட்டால் நான் அடித்துவிடுவேன்.

மகாவீரன்